மெட்ரிக் அளவுல நேரா யோசிக்கப் பழகுறது எப்படி

மில்லி, சென்டி, கிலோ எல்லாம் ஸ்கூல்லயே படிச்சாச்சு, பத்தால பெருக்கு நூறால வகுன்னு மனப்பாடமாவும் தெரியும், ஆனா யாராவது "ரூம் 14 சதுர மீட்டர்"னு சொன்னா மனசு உடனே அத சதுர அடியா மாத்திப் பாத்துட்டுதான் "ஓ அவ்ளோ பெருசா"ன்னு ஒத்துக்குது. பிரச்சனை அங்கதான் இருக்கு. கணக்கு தெரியாம இல்ல, அந்த அளவு கண்ணுல நிக்க மாட்டேங்குது. நான் அளவு எடுத்து பிளான் வரையிற வேலை பாக்குறேன், எனக்கும் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் மாத்துற வேலையையே விட்டுட்டு ஒவ்வொரு யூனிட்டுக்கும் கைல தொட்டுப் பாக்குற மாதிரி ஒரு பொருள புடிச்சு வெச்சேன், அதுக்கப்புறம்தான் சரியாச்சு. அத எப்படி செய்யிறதுன்னுதான் இங்க எழுதுறேன், கூடவே எங்கெங்க சறுக்கும்னும் சொல்றேன், ஏன்னா சறுக்குற இடம் எல்லாருக்கும் ஒண்ணேதான்.

முதல்ல ஒரு ஏ4 பேப்பர் எடுங்க

பிரிண்டர்ல போடுற சாதா ஏ4 பேப்பர். இதவிட நல்ல வாத்தியார் மெட்ரிக்குக்கு கிடையாது. அதோட அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297 மில்லிமீட்டர், அதாவது நீளம் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர், 3 மில்லிதான் கம்மி. இந்த 297ங்கற விசித்திரமான நம்பர் எங்கருந்து வந்துச்சுன்னா, இந்த வரிசைல பெரிய தாளான ஏ0ங்கறது சரியா ஒரு சதுர மீட்டர் பரப்பு இருக்கணும்னு முடிவு பண்ணிட்டு, அத பாதி பாதியா நாலு தடவ மடிச்சா ஏ4 வரணும், எத்தன தடவ மடிச்சாலும் நீள அகல விகிதம் மாறக்கூடாதுன்னு கணக்கு போட்டதால வந்தது. நாலு தடவ மடிச்சா 16 துண்டு. அப்போ 16 ஏ4 தாள தரையில நாலுக்கு நாலா அடுக்குனா உங்க கண்ணு முன்னாடி ஒரு சதுர மீட்டர் இருக்கும். சதுரமா இல்லாம கொஞ்சம் நீட்டா இருக்கும், ஆனா பரப்பு ஒரு சதுர மீட்டர்தான். ஒரு தடவ நிஜமாவே அடுக்கிப் பாருங்க, சும்மா படிச்சுட்டு போகாதீங்க, அந்தப் படம் மனசுல ஒட்டிக்கும், அப்புறம் 14 சதுர மீட்டர்னு சொன்னா அது மாதிரி 14 அடுக்குன்னு நேராவே தெரியும்.

எடைக்கும் இதே பேப்பர்தான். பாக்கெட் மேல 80 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கும்ல, அதுக்கு அர்த்தம் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம். 16ஆல வகுத்தா ஒரு தாள் 5 கிராம். அப்போ 500 தாள் இருக்குற கட்டு 2500 கிராம், அதாவது ரெண்டரை கிலோ. இந்த வகை தாளோட கனம் சுமாரா 0.1 மில்லிமீட்டர், அதனால 500 தாள் கட்டோட உயரம் சுமார் 5 சென்டிமீட்டர். ஒரே ஒரு கட்டு பேப்பர வெச்சே 0.1 மில்லி, 5 சென்டி, 30 சென்டி, 5 கிராம், ரெண்டரை கிலோன்னு அஞ்சு அளவு கைக்கு வந்துருச்சு பாருங்க.

இதுக்கு மேல இன்னும் ரெண்டு மூணு பொருள் போதும். பர்ஸ்ல இருக்குற பேங்க் கார்டு 85.6க்கு 54 மில்லி, கனம் 0.76 மில்லி, உலகம் பூரா ஒரே அளவு, டேப் இல்லாத எடத்துல நான் எத்தனையோ தடவ கார்ட வெச்சு அளந்திருக்கேன். பழைய சிடி டிவிடி இருந்தா அதோட விட்டம் 12 சென்டி, நடு ஓட்டை 15 மில்லி. அப்புறம் உங்க உடம்பு. கட்டைவிரல் நுனியிலருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் கைய விரிச்சா எத்தன சென்டின்னு ஒரு தடவ அளந்து ஞாபகம் வெச்சுக்கோங்க, பெரியவங்களுக்கு 20ஐ ஒட்டி வரும், ஆனா அடுத்தவங்க நம்பர எடுத்துக்காதீங்க, உங்க கைய அளங்க. அதே மாதிரி 20 மீட்டர் தூரத்த டேப்ல அளந்து வெச்சுட்டு சாதாரணமா நடந்து எத்தன எட்டுன்னு எண்ணுங்க, 20அ அந்த எண்ணிக்கையால வகுத்தா ஒரு எட்டோட நீளம் கெடச்சிடும். நடக்குறப்ப வேணும்னே எட்டு நீட்டி வெக்காதீங்க, எல்லாரும் அந்தத் தப்பு பண்ணுவாங்க.

முன்னாடி ஒட்டுற பேரு

மில்லின்னா ஆயிரத்துல ஒரு பங்கு, சென்டின்னா நூத்துல ஒரு பங்கு, கிலோன்னா ஆயிரம். தினப்படி வேலைக்கு இந்த மூணு போதும். டெசி, டெகா, ஹெக்டோ எல்லாம் புத்தகத்துல இருக்கும், நிஜ வாழ்க்கையில ஹெக்டேர்ல ஹெக்டோ ஒளிஞ்சிருக்கு, டெசிபெல்ல டெசி இருக்கு, அவ்ளோதான், டெகாவ யாரும் சீண்டுறதே இல்ல. கிலோவுக்கு மேல போனா ஆயிரம் ஆயிரமா தாவும்: மெகா 10 லட்சம், கிகா 100 கோடி. கீழ போனாலும் அதே தாவல்தான், மைக்ரோ 10 லட்சத்துல ஒண்ணு, நானோ 100 கோடியில ஒண்ணு. 2022ல ரோன்னா, குவெட்டான்னு ரெண்டு புதுப் பேரு மேல சேத்தாங்க, குவெட்டான்னா ஒண்ணுக்குப் பின்னாடி 30 சைபர், அது நமக்கு எதுக்கு, தெரிஞ்சு வெச்சுக்கிட்டா சரி.

புள்ளிய எந்தப் பக்கம் நகத்துறதுங்கறதுலதான் பாதி பேருக்கு குழப்பம். இதுக்கு ஃபார்முலா வேண்டாம், ஒரே கேள்விதான்: சின்ன யூனிட்டுக்கு போறேனா பெரிய யூனிட்டுக்கு போறேனா? சின்னதுக்கு போனா எண்ணிக்கை கூடணும், பெருசுக்கு போனா கொறையணும். 2.4 மீட்டர மில்லியாக்கணும்னா நம்பர் பெருசாத்தான் வரணும், 2400. 350 கிராம கிலோவாக்கணும்னா சின்னதாகணும், 0.35. உங்களுக்கு 0.0024ன்னு வந்தா ஏதோ தலைகீழா போயிருச்சுன்னு அங்கயே தெரிஞ்சிடும்.

ஒரு வேடிக்கை என்னன்னா இந்த அமைப்புலயே ஒரு ஓட்டை இருக்கு, மீட்டர், செகண்ட் எல்லாம் மொட்டையா அடிப்படை யூனிட்டா நிக்கிறப்ப எடைக்கு மட்டும் கிலோகிராம்தான் அடிப்படை, அதாவது ஏற்கனவே கிலோ ஒட்டுன பேரு. அதனால ஆயிரம் கிலோவ கிலோ கிலோகிராம்னு சொல்ல முடியாது, டன்னுன்னு தனியா ஒரு பேரு வெச்சுக்கிட்டு ஓட்டிட்டு இருக்கோம்.

மில்லியா சென்டியா, ஒண்ண முடிவு பண்ணுங்க

நீளம் எழுதுறப்ப ஒரே யூனிட்ல எழுதுங்க, முடிஞ்சா மில்லிமீட்டர்ல. கட்டட பிளான், மெஷின் டிராயிங் எல்லாத்துலயும் மில்லியில எழுதுறதுதான் வழக்கம், காரணம் புள்ளியே வராது. 1.2 மீட்டர், 85 சென்டி, 6 மில்லின்னு ஒரே தாள்ல மூணு விதமா இருந்தா யாராவது ஒருத்தர் கண்டிப்பா தப்பா படிப்பாங்க, 1200, 850, 6ன்னு எழுதுனா தப்பு பண்ண வழியே இல்ல. நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு ஜன்னலுக்கு கண்ணாடி வெட்டக் குடுத்தேன், தாள்ல சென்டி கணக்குல 62.5 x 90ன்னு மட்டும் எழுதி யூனிட் போடல, புள்ளி வேற மங்கலா விழுந்திருந்துச்சு, வெட்டுனவரு 625ன்னு படிச்சு அத மில்லின்னு எடுத்துக்கிட்டாரு, அது தற்செயலா சரிதான், ஆனா 90அயும் மில்லின்னு எடுத்துக்கிட்டு ஒரு நீளமான பட்டை கண்ணாடிய கையில குடுத்தாரு. ஜன்னலுக்கு இது எப்படி பத்தும்னு அவர் யோசிக்கல, ஜன்னல்னு நான் அதுல எழுதவும் இல்ல. தப்பு முழுக்க என்னோடதுதான்.

புள்ளி போட்டே ஆகணும்னா ரெண்டு பழக்கம். ஒண்ணுக்கும் கொறைவான நம்பருக்கு முன்னாடி சைபர் கட்டாயம், 0.5ன்னுதான் எழுதணும், வெறும் புள்ளி அஞ்சுன்னு எழுதுனா புள்ளி மறைஞ்சு 5 ஆயிரும். முழு நம்பருக்கு பின்னாடி தேவையில்லாம புள்ளி சைபர் போடாதீங்க, 5.0ன்னு எழுதுனா 50ன்னு படிச்சிருவாங்க. மருந்து எழுதுறவங்களுக்கு இத கறாரா சொல்லித்தருவாங்க, ஏன்னா அங்க புள்ளி போச்சுன்னா டோஸ் பத்து மடங்கு. மில்லிகிராமும் மைக்ரோகிராமும் அதே மாதிரி, ரெண்டுக்கும் நடுவுல ஆயிரம் மடங்கு வித்தியாசம், பேரு மட்டும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கும், அதனால மாத்திரை அட்டையில எதுன்னு முழுசா படிங்க.

அப்புறம் ஆங்கில எழுத்துல சுருக்கி எழுதுறப்ப பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேற அர்த்தம். சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா, நடுவுல 100 கோடி மடங்கு. கிலோவுக்கு சின்ன கே, பெரிய கேன்னா அது கெல்வின், வெப்பநிலை. இன்டர்நெட் ஸ்பீடுல இது தினமும் ஏமாத்தும், சின்ன பி போட்டா பிட், பெரிய பி போட்டா பைட், 8 பிட் ஒரு பைட், அதனால 100 மெகாபிட் கனெக்‌ஷன்ல ஒரு செகண்டுக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் எறங்கும், யாரும் திருடல. அதே மாதிரி 1 டெராபைட் டிஸ்க் வாங்கி மாட்டுனா விண்டோஸ் கம்ப்யூட்டர் 931 கிகாபைட்னு காட்டுறதும் இந்தக் கதைதான், விக்கிறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024, 1024ஆ எண்ணுது.

டேப் புடிக்கிறது

இத யாரும் சொல்லித்தர்றதில்ல. ஸ்டீல் டேப்போட நுனியில இருக்குற கொக்கி லேசா ஆடும், லூசாயிருச்சுன்னு நெனச்சு சுத்தியால தட்டி இறுக்குறவங்கள பாத்திருக்கேன், செய்யாதீங்க, அது ஆடணும்னே வெச்சது. வெளிப்பக்கம் மாட்டி இழுக்குறப்ப கொக்கியோட கனம் அளவுக்கு வெளிய வரும், உள்பக்கம் சுவத்துல முட்டி அளக்குறப்ப அதே கனம் அளவுக்கு உள்ள போகும், அப்பதான் ரெண்டு விதத்துலயும் சைபர் சரியா நிக்கும். கொக்கி வளைஞ்சிருச்சோன்னு சந்தேகமா இருந்தா 100 மில்லி கோட்டுலருந்து அளங்க, முடிவுல 100அ கழிச்சுருங்க. கழிக்க மறந்துருவீங்க, நானும் மறந்திருக்கேன், அதனால எழுதுறப்பவே "100 கழி"ன்னு பக்கத்துல கிறுக்கிடுங்க. டேப்ப தொங்க விடாதீங்க, சாய்ச்சு புடிக்காதீங்க, கோட்ட நேர் மேலருந்து பாருங்க, பக்கவாட்டுல நின்னு பாத்தா ரெண்டு மில்லி அங்க இங்க போயிரும். தண்ணிய அளவு ஜாடியில அளக்குறப்பவும் அப்படித்தான், கண்ண தண்ணி மட்டத்துக்கு எறக்கி, ஓரத்துல ஏறி நிக்கிற விளிம்ப விட்டுட்டு நடுவுல குழிஞ்சிருக்குற அடிமட்டத்த படிக்கணும்.

பரப்பும் கொள்ளளவும், இங்கதான் நெறைய பேர் விழுறாங்க

ஒரு மீட்டர் 100 சென்டி, சரி. ஒரு சதுர மீட்டர் எத்தன சதுர சென்டி? 100ன்னு வாயிலருந்து தானா வரும். 10,000. நீளத்துலயும் நூறு, அகலத்துலயும் நூறு, அதனால. கன மீட்டர்னா மூணாவது பக்கமும் நூறு, 10 லட்சம் கன சென்டி. புள்ளி நகத்துறதுல சதுரத்துக்கு ரெட்டிப்பு, கனத்துக்கு மூணு மடங்குன்னு ஞாபகம் வெச்சாலும் சரி, ஆனா எனக்கு புடிச்ச வழி வேற: பெருக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒரே யூனிட்டுக்கு கொண்டு வந்துருங்க, அப்புறம் மாத்தவே வேண்டாம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 10 சென்டி கனத்துல கான்கிரீட் தளம் போடணும்னு வைங்க. 5, 4, 10ன்னு அப்படியே பெருக்கி 200ன்னு வந்து எதுவோ ஒண்ணுன்னு முழிக்கிறதுதான் வழக்கமான விபத்து. 10 சென்டிய முதல்லயே 0.1 மீட்டர்னு எழுதிட்டா 5 x 4 x 0.1, 2 கன மீட்டர், முடிஞ்சுது. கான்கிரீட் கன மீட்டருக்கு சுமார் 2400 கிலோ, அப்போ இந்தத் தளம் 4.8 டன், எடையும் கூடவே கெடச்சிருச்சு.

நிலத்துக்கு ஹெக்டேர்னா 100 மீட்டருக்கு 100 மீட்டர், 10,000 சதுர மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர்ல 100 ஹெக்டேர். இத ஒரு தடவ தாள்ல கட்டம் போட்டு பாத்தா மறக்காது.

மெட்ரிக்கோட அழகே இனிமேதான் இருக்கு, தண்ணி. 10 சென்டி நீளம், 10 சென்டி அகலம், 10 சென்டி உயரம் இருக்குற பெட்டியில புடிக்கிற தண்ணி ஒரு லிட்டர், அதோட எடை ஒரு கிலோ. ஒரு கன சென்டி ஒரு மில்லிலிட்டர், ஒரு கிராம். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர், ஒரு டன். சூடு ஏறினா எடை நூலளவு கொறையும், ஆனா வீட்டு வேலைக்கு அதப் பாக்கத் தேவையில்ல. இது தற்செயல் இல்ல, கிலோவ ஆரம்பத்துல தண்ணிய வெச்சேதான் வரையறுத்தாங்க.

இதுலருந்து ஒரு குறுக்கு வழி. தொட்டியோட கொள்ளளவு வேணும்னா அளவ எல்லாம் 10 சென்டி கணக்குல எடுங்க, மேல சொன்ன அதிகம் பொழங்காத டெசியில வர்ற டெசிமீட்டர், அது இங்கதான் ஒதவும். உள் அளவு 120 சென்டி, 80 சென்டி, தண்ணி நிக்கிற உயரம் 90 சென்டின்னா 12 x 8 x 9, 864, அதுவே லிட்டர், மாத்தவே வேண்டாம். உருளைத் தொட்டின்னா விட்டத்துல பாதி, அத அதாலயே பெருக்கி 3.14ஆல பெருக்கி உயரத்தால பெருக்குங்க: விட்டம் ஒரு மீட்டர், உயரம் 1.2 மீட்டர்னா 5 x 5 x 3.14 x 12, 942 லிட்டர். அந்தத் தொட்டி நெறஞ்சா தண்ணி மட்டும் 942 கிலோ கனக்கும்ங்கறதும் அதே நம்பர்லயே இருக்கு, மொட்டை மாடியில ஏத்துறதுக்கு முன்னாடி இத யோசிங்க.

மழைய ஏன் மில்லிமீட்டர்ல சொல்றாங்கன்னு கேப்பாங்க, அதுக்கும் பதில் இங்கயே இருக்கு. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா தண்ணி ஓடாம நின்னுருந்தா தரைமேல ஒரு மில்லி உயரத்துக்கு நிக்கும்னு அர்த்தம், ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லி உயரம் சரியா ஒரு லிட்டர். அப்போ 100 சதுர மீட்டர் கூரையில 20 மில்லி பேஞ்சா 2000 லிட்டர், அதுல கொஞ்சம் சிதறும், கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் உங்க தொட்டிக்கு. இதே கணக்க அங்குலத்துலயும் காலன்லயும் போட்டுப் பாருங்க, தலை சுத்தும்.

தண்ணி இல்லாத மத்த திரவத்துக்கு லிட்டரும் கிலோவும் ஒண்ணு இல்ல, இத மறந்துராதீங்க. இதுக்கு 1983 ஜூலை 23ல நடந்த ஒரு நிஜக் கதை இருக்கு. ஏர் கனடாவோட போயிங் 767 ஒண்ணு, அப்பதான் அங்க மெட்ரிக்குக்கு மாறிட்டு இருந்தாங்க, பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேணும், டேங்க்ல ஏற்கனவே 7682 லிட்டர் இருந்துச்சு. எரிபொருள் மீட்டர் வேலை செய்யாததால கையாலயே கணக்கு போட்டாங்க. லிட்டர கிலோவாக்க 0.803ஆல பெருக்கணும், ஆனா அவங்க கையில இருந்த நம்பர் 1.77, அது லிட்டருக்கு எத்தன பவுண்டுங்கற நம்பர். 7682அ 1.77ஆல பெருக்கி 13,597 கிலோ இருக்குன்னு நெனச்சாங்க, நிஜத்துல அது பவுண்ட், கிலோன்னா வெறும் 6169. மீதிக்கு 4916 லிட்டர் மட்டும் ஊத்துனாங்க, ஊத்த வேண்டியது 20,000க்கும் மேல. பாதி வழியில வானத்துல ரெண்டு இன்ஜினும் நின்னு போச்சு. விமானிங்க அத கிளைடர் மாதிரி மிதக்க விட்டு கிம்லிங்கற எடத்துல பழைய விமானத் தளத்துல எறக்குனாங்க, யாரும் சாகல.

இதுலருந்து எடுத்துக்க வேண்டிய பழக்கம் ஒண்ணுதான், நம்பர் பக்கத்துல எப்பவும் யூனிட்ட முழுசா எழுதி அதையும் சேத்து பெருக்குங்க. "1.77"ன்னு எழுதாம "லிட்டருக்கு 1.77 பவுண்ட்"னு எழுதியிருந்தா, லிட்டரும் லிட்டரும் அடிபட்டு விடையில பவுண்ட் மிச்சம் நிக்கும், கிலோ எங்கடான்னு கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும்.

மாத்தியே ஆகணும்னா

சில சமயம் தப்பிக்க முடியாது. அப்போ சரியான நம்பர் சிலது மட்டும் வெச்சுக்கோங்க. ஒரு அங்குலம் 25.4 மில்லி, இது தோராயம் இல்ல, துல்லியமே அவ்ளோதான், 1959ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் சேந்து அங்குலத்தையே மெட்ரிக்ல இப்படி வரையறுத்துட்டாங்க. அதனால அங்குலம் இன்னிக்கி தனி ஆளு இல்ல, மீட்டர் வீட்டுல குடியிருக்குற ஆளு. அடி 30.48 சென்டி, மைல் 1.609 கிலோமீட்டர், பவுண்ட் 453.6 கிராம், ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி, ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர்.

மனக்கணக்குக்கு: கிலோவ பவுண்டாக்க ரெட்டிப்பாக்கி அதுல பத்துல ஒரு பங்க சேருங்க, 70 கிலோ, 140, கூட 14, 154 பவுண்ட். மைலுக்கு ஒரு விளையாட்டு இருக்கு, 5, 8, 13, 21ன்னு முந்துன ரெண்டையும் கூட்டிக்கிட்டே போற வரிசை இருக்குல்ல, அதுல ஒண்ணு மைல்னா அடுத்தது கிலோமீட்டர், 5 மைல் 8 கிலோமீட்டர், 8 மைல் 13. சூட்டுக்கு, செல்சியஸ ரெட்டிப்பாக்கி பத்துல ஒரு பங்க கழிச்சு 32 சேத்தா ஃபாரன்ஹீட், 25க்கு 50, 45, 77, இது துல்லியமாவே வரும். ஆனா "சூடு 10 டிகிரி ஏறிச்சு"ங்கறத மாத்துறப்ப 32 சேக்கக்கூடாது, அது ஏத்தம் மட்டும்தான், 18ன்னுதான் வரும். நெறைய செய்தியில இந்தத் தப்ப பாத்திருக்கேன்.

உயரம் எழுதுறதுல இன்னொரு குழி. 5.5 அடியும் 5 அடி 5 அங்குலமும் ஒண்ணு இல்ல, அடிக்கு 12 அங்குலம், அதனால 5.5 அடின்னா 5 அடி 6 அங்குலம், 167.6 சென்டி. 5 அடி 5 அங்குலம் 165.1. 5 அடி 10 அங்குலத்த 5.10ன்னு போட்டு கால்குலேட்டர்ல பெருக்குனா 155 வரும், நிஜம் 178. ஒரே மனுஷன் 23 சென்டி குட்டையாயிட்டாரு.

காலனும் டன்னும் கேட்டா எந்த ஊர் காலன்னு கேளுங்க. அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டன் காலன் 4.546. மெட்ரிக் டன் 1000 கிலோ, அமெரிக்க டன் 907, பிரிட்டனோட பழைய டன் 1016.

மாத்துன பிறகு துல்லியம் காட்டாதீங்க. ஒருத்தர் கண்ணால பாத்து "ஒரு ஆறடி இருக்கும்"னா அது 1.8 மீட்டர், 182.88 சென்டின்னு எழுதுனா அவர் டேப் வெச்சு அளந்த மாதிரி ஆயிடும். கால்குலேட்டர் எத்தன தசம எடம் குடுத்தாலும், முதல்ல அளந்தது எவ்ளோ நுணுக்கமோ அவ்ளோதான் விடையும்.

மீட்டர் எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு வரி சொல்லிடுறேன், இதுவும் ஒரு அளவுகோலா ஒதவும். பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல வட துருவத்துலருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்துல ஒரு கோடியில ஒரு பங்குதான் மீட்டர்னு முடிவு பண்ணாங்க, டெலாம்ப்ர, மெஷான்னு ரெண்டு பேர் 1792லருந்து 1798 வரைக்கும் டன்கர்க்லருந்து பார்சிலோனா வரைக்கும் நிலத்த அளந்தாங்க, முடிவுல வந்த மீட்டர் 0.2 மில்லி கம்மியாயிருச்சு, ஆனா யாரும் திருத்தல, அந்த நீளமே நின்னுருச்சு. அதனாலதான் பூமியோட சுத்தளவு கிட்டத்தட்ட 40,000 கிலோமீட்டர்னு உருண்டையா வருது. இன்னிக்கி வரையறை வேற, வெற்றிடத்துல ஒளி ஒரு செகண்டுல 29,97,92,458 மீட்டர் போகும்னு 1983ல நிலையா வெச்சு அதுலருந்து மீட்டர எடுக்குறாங்க. கிலோவும் 2019 மே 20லருந்து பாரிஸ் பக்கத்துல பூட்டி வெச்சிருந்த உலோகக் கட்டிய விட்டுட்டு பிளாங்க் மாறிலிங்கற, இயற்கையில மாறாம இருக்குற ஒரு எண்ணுக்கு போயிருச்சு.

அந்தப் புரட்சிக்காரங்க நேரத்தையும் விட்டு வெக்கல, நாளைக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிஷம்னு 1793ல சட்டம் போட்டாங்க, ஜனங்க கண்டுக்கல, மெட்ரிக் அளவுகள கொண்டு வந்த அதே 1795 ஏப்ரல் 7 சட்டத்துலயே மணிய ஓரங்கட்டிட்டாங்க. அதனாலதான் வேகத்துல மட்டும் நமக்கு இன்னும் சுத்தமான பத்து வராது. மணிக்கு இத்தன கிலோமீட்டர்ங்கறத செகண்டுக்கு மீட்டராக்க 3.6ஆல வகுக்கணும், 3600 செகண்ட 1000 மீட்டரால வகுத்த நம்பர் அது. 36 போனா 10, 72 போனா 20, 90ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 25 மீட்டர், இந்த மூணையும் வெச்சுக்கிட்டா நடுவுல உள்ளதெல்லாம் கணிச்சுக்கலாம்.